குரலுக்குக் காவல் இருந்த வீடு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்கள். சத்தமே இல்லாத ஒரு வீட்டின் கதை சொல்கிறேன்.

மூன்றாம் மாடியில் அந்த வீடு. அம்மா தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். சின்ன வயதில் பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை போனவள்; அந்த வாரம் பார்த்துத் தொண்டையில் நோய் விழுந்து, குரல் கரகரத்துப் போனது. பிறகு தேறவேயில்லை. தான் பாடாத பாட்டையெல்லாம் மகள் தலையில் கட்டினாள்.

மகள் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிந்தாலும் அழக் கூடாது. "தொண்டை போயிடும்டி," என்பாள் அம்மா. அங்கே கத்த உரிமை அவள் ஒருத்திக்குத்தான், கெட்டுப்போன தொண்டைதானே. அப்பா பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் நடப்பார். "நான் வந்ததே உங்கம்மாவுக்குத் தெரியாது, அதுவும் வசதிதான்," என்று மகளிடம் குசுகுசுப்பார்.

அப்புறம் தம்பி பிறந்தான். ஓயாத அழுகைக்காரன். மகளின் பாட்டுப் பயிற்சி கெடுகிறதென்று நாலு வயதில் அவனை அம்மா அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவன் கதறிக்கொண்டே படியிறங்கியபோது அக்காவுக்கு அலற வேண்டும் போலிருந்தது. அம்மாவின் விரல்கள் வந்து அவள் தொண்டையை மெல்லத் தடவின. அவ்வளவுதான், அலறல் உள்ளேயே அடங்கிவிட்டது.

பின்னால் பாட அக்கா மேடை ஏறியபோதும் அந்தக் குரல் எழும்பவில்லை.

அப்பா போனார். அம்மாவும் போனாள். விரல்கள் மட்டும் போகவில்லை. தனியாகச் சிரித்தால்கூட அக்காவின் கழுத்தில் வந்து உட்காரும்.

இனி தம்பியாவது தன்னோடு இருக்கட்டும் என்று அவனை வரவழைத்தாள். வந்தவன் கதவோரமே நின்றான்.

"உள்ள வாடா. ஒரு வாய் சாப்பிடு."

"இங்க இருமினா அபராதம் உண்டாக்கா?"

"கிண்டல் பண்ணாதடா. இங்கயே இருந்துடேன்."

"முடியாதுக்கா. மூச்சு விடவே பயமா இருக்கு."

இறங்கிவிட்டான். இப்போது விட்டால் இனி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். சன்னலுக்கு ஓடினாள். விரல்கள் இறுக்கின. மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"டேய், நில்லுடா."

வந்தது அம்மாவின் குரல். அதே கரகரப்பு, அதே அதட்டல்.

தெருவில் தம்பியின் தோள்கள் ஒடுங்கின, நாலு வயதுப் பிள்ளை போல. திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டான்.

அவள் வெறுங்காலோடு படியிறங்கி ஓடி, தெருமுனையில் அவன் சட்டைக் கையைப் பற்றினாள்.

"நான்டா. அக்கா."

"தெரியுதுக்கா," என்றான் நடந்துகொண்டே. "கால்தான் நிக்க மாட்டேங்குது."

அவள் பிடியை விடவில்லை. மாடிக் கதவு திறந்தே கிடக்க, அவன் போன திசையிலேயே கூட நடந்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய்விட்டு அழட்டும் கண்ணுகளா, அழுதால் அள்ளிக்கொள்ள ஆள் இருக்கட்டும். உங்கள் கூரைக்குக் கீழே யாரும் செருப்பைக் கையில் பிடித்து நடக்கும்படி ஆகாதிருக்கட்டும்.