காலியாக இருந்த சிறுநீர்ப்பை

2024 அக்டோபர் 9, புதன்

இன்று ஒரு தவறு செய்தேன். சி.டி. ஸ்கேன் படிவத்தில் 'கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம்' என்ற கட்டத்தில் 'பகல் 1.30' என்று எழுதினேன். அதை நோயாளி சொல்லவில்லை, கூட வந்தவர் சொன்னார். பிறகு அடித்துத் திருத்திவிட்டேன். ஆனால் நடுவில் நாற்பது நிமிடம் போய்விட்டது. வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எங்கே சறுக்கினேன் என்று எனக்கே பிடிபடும்.

மூன்று மணிக்கு அம்சம் என்ற பெண்ணை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். வயது நாற்பத்து நான்கு. நீடாமங்கலம் பக்கம் சம்பா நடவுக்குப் போன பதினான்கு பெண்கள் ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் நின்றபடி திரும்பியிருக்கிறார்கள். மதகில் ஏறும்போது வண்டி தூக்கிப் போட்டதில் பக்கப் பலகை இவருடைய அடிவயிற்றில் பலமாக இடித்து, கீழேயும் விழுந்துவிட்டார். மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். இவருக்கு முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வயிற்றைத் தொடவிடவில்லை.

ஸ்கேன் அறை வாசலில் நாத்தனார் மேகலா, குட்டியானை ஓட்டிய டிரைவர், ஆள் கூட்டிப் போன மேஸ்திரி மூவரும் ஸ்டிரெச்சரைச் சுற்றி நின்றார்கள். அப்படியே வைத்துக் கேட்டேன்.

"அக்கா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

அம்சம் கண்ணை மூடிக்கொண்டார். மேகலா முந்திக்கொண்டார். "அதெல்லாம் போயாச்சும்மா. கரையேறினதும் ஒன்றரைக்கு எல்லாரும்தான் போனோம்."

அம்சமும் தலையை ஆட்டினார். நான் எழுதிக்கொண்டேன்.

இடுப்பெலும்பு எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. சி.டி.யில் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் சரி. படத்தில் வெள்ளையாகத் தெரிவதற்காக நரம்பில் ஏற்றிய மருந்து சிறுநீரகத்திலிருந்து இறங்கும் நேரம் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு படம் எடுத்தேன். இரண்டு பக்கச் சிறுநீர்க்குழாயிலும் மருந்து அறுபடாமல் இறங்கியிருந்தது. சிறுநீர்ப்பை மட்டும் சுருங்கிக் கிடந்தது. வயிற்றுக்குள் கொஞ்சம் நீர் தெரிந்தது.

பணியில் இருந்த டாக்டர் சூர்யபிரகாஷ் படத்தைப் பார்த்தார். "குடல்ல சின்னதா அடிபட்டிருக்கலாம். அட்மிட் பண்ணி ராத்திரி பூரா பாப்போம். பிளாடர்ல ஒண்ணும் இல்ல. அதான் போயிட்டு வந்திருக்காங்களே, நீங்களே எழுதியிருக்கீங்க."

'நீங்களே எழுதியிருக்கீங்க' என்றதும் எனக்குள் ஏதோ இடறியது. என் அம்மா இருபத்திரண்டு வருடம் நடவு நட்டவர். விடிவதற்கு முன்னால் வீட்டில் போய்விட்டுக் கிளம்பினால், திரும்பி வந்துதான் மறுபடி. வயலில் மறைவு கிடையாது. நாற்று நட்ட வயல் கண்ணுக்கு எட்டியவரை தட்டையாகக் கிடக்கும், வரப்பை ஒட்டித் தார்ச்சாலை ஓடும். ஆண்கள் நிற்கும் இடத்தில் யார் கேட்டாலும் 'போயாச்சு' என்பதுதான் பதில். இது தெரிந்த நான், மேஸ்திரியையும் டிரைவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

வார்டுக்குப் போய்க் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன்.

"அக்கா, நானும் நடவுக்காரி மவதான். எங்கம்மா ஒரு நாளும் வயல்ல போனதில்ல. நெசமா எப்ப போனீங்க?"

அம்சம் கண்ணைத் திறந்தார். "எந்த ஊரு நீ?"

"சாலியமங்கலம் பக்கம்."

"அப்ப என்னைய எதுக்குக் கேக்குற? ஒனக்கே தெரியுமே."

"தெரியும்க்கா. ஆனா உங்க வாயால வரணும்."

"காலைல நாலரைக்குப் போனது. அந்த மேஸ்திரி குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு, என்னத்தச் சொல்ல?"

"நடுவுல தண்ணி கிண்ணி குடிச்சீங்களா?"

"பத்து மணிக்கு ரெண்டு சொம்பு கஞ்சி. வண்டில ஏறுறப்ப முட்டிக்கிட்டு வந்துச்சு. இப்ப அந்த முட்டலே இல்ல. வயிறுதான் பூராவும் வலிக்குது."

கணக்கு நேரானது. காலை நாலரையிலிருந்து பகல் இரண்டு வரை சேர்ந்த சிறுநீர். போகவில்லை. பையிலும் இல்லை. அப்படியென்றால் வயிற்றுக்குள் தெரியும் நீர் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நிரம்பிய பையில் அடி விழுந்தால் எலும்பு உடையாமலே அதன் மேல்பக்கம் கிழியும்.

டாக்டர் அறை வாசலில் கொஞ்ச நேரம் தயங்கினேன். நான் எக்ஸ்ரே படித்தவள். சி.டி.க்கு மாலை வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. தப்பாக இருந்தால் சிரிப்பார்கள். அவ்வளவுதானே என்று உள்ளே போய்ச் சொன்னேன்.

"நிலா, நீங்க ஈவினிங் கிளாஸ் சேந்ததுலேருந்து எனக்கே டியூஷன் எடுக்குறீங்க" என்றார். ஆனால் உடனே எழுந்துவிட்டார். சிறுநீர் வடிக்க ரப்பர் குழாய் போட்டதும் நாற்பது மில்லிதான் வந்தது. அதுவும் ரத்தச் சிவப்பு. அவர் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"சரி, குழாய கிளாம்ப் பண்ணி வைப்போம். நரம்புல ஏத்தின மருந்து தானா இறங்கிப் பை நிரம்பட்டும். அப்புறம் படம் எடுங்க."

"அது பத்தாது சார்." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "பாதி நிரம்பினா கிழிசல் மூடிக்கிட்டே இருக்கும், படத்துல தெரியாது. பை நல்லா உப்பணும். குழாய் வழியா மருந்து கலந்த சலைன் முந்நூறு மில்லி ஏத்தணும்."

"முந்நூறா? உறுதியாத் தெரியுமா?"

உறுதியாகத் தெரியவில்லை. என் தோள்பையிலிருந்து வகுப்பு நோட்டை எடுத்துப் பிரித்தேன். 'பெரியவர்களுக்கு 300 முதல் 350. ஊசியால் அழுத்தக் கூடாது. பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டு, தானாக இறங்க வேண்டும்.' என் கையெழுத்துதான். அதையே அவரிடம் நீட்டினேன். அவர் சிறுநீரக அறுவை நிபுணர் டாக்டர் ஹுமைராவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"யார் முந்நூறு ஏத்தணும்னது?" என்றார் ஹுமைரா மேடம்.

"நம்ம டெக்னீஷியன் மேடம்."

"அந்தப் பொண்ணு சொல்றதச் செய்யுங்க. நான் கிளம்பிட்டேன்."

பாட்டிலைத் தொங்கவிட்டேன். முந்நூறு இறங்கியதும் படம் எடுத்தேன். மருந்து பைக்குள் நிற்கவில்லை. மேல்பக்கமாக வெளியேறி, குடல் மடிப்புகளுக்கு இடையில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவே வேண்டாம், பார்த்ததும் தெரிகிற படம்.

ஐந்து மணிக்கு வந்த ஹுமைரா மேடம் மேகலாவை உட்காரவைத்துச் சொன்னார். "பை மேல்பக்கம் கிழிஞ்சு வயித்துக்குள்ள ஒழுகுது. கீழ்ப்பக்கம் கிழிஞ்சிருந்தா, அனேகமா குழாயோட விட்டே ஆற வச்சிருப்பேன். இது அப்படி ஆறாது. இப்பவே தைக்கணும். விட்டா விஷமாயிடும்."

மேகலா கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாந்தாம்மா போயாச்சுன்னு சொன்னேன். ஆம்பளைங்க நிக்கிறாங்களேன்னு..."

"நான்தான்க்கா அவங்கள வச்சுக்கிட்டுக் கேட்டேன்" என்றேன். உண்மையும் அதுதான்.

ஐந்தரைக்கு அம்சத்தை உள்ளே கொண்டுபோனார்கள். ஆறு மணி வகுப்புக்கு இன்று போகவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

மேல்பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் கிழிசல். வயிற்றைக் கழுவி, தானே கரையும் நூலால் இரண்டு அடுக்காகத் தைத்திருக்கிறார்கள். மூடுவதற்கு முன்னால் இரண்டு சிறுநீர்க்குழாயின் வாயிலிருந்தும் சிறுநீர் பீறிடுவதை நேரில் பார்த்ததாக ஹுமைரா மேடம் சொன்னார். என் பத்து நிமிடப் படத்தில் தெரிந்ததும் அதுதான். அதை மட்டும் இங்கே கொஞ்சம் பெருமையாகவே எழுதிக்கொள்கிறேன்.

பகலில் மேடம் வார்டு சுற்றும்போது நானும் போனேன். அம்சம் முதலில் கேட்டது வலியைப் பற்றியல்ல.

"டாக்டரு, இந்தப் பை இனிமே தாங்குமா? எனக்கு நடவ விட்டா வேற வேல தெரியாது."

"தாங்கும். பத்து நாள் குழாய் இருக்கட்டும், பை சுருங்கியே கெடந்து ஆறட்டும். அப்புறம் படம் எடுத்துப் பாப்போம். ஒழுகலேன்னா குழாய எடுத்துடலாம். குனிஞ்சு நடுறது ஆறு வாரத்துக்கு வேணாம். அதுக்கப்புறம் போங்க, ஆனா நாலு மணி நேரத்துக்கு மேல அடக்கக் கூடாது."

"வயல்ல எங்கிட்டுப் போறது? வரப்புல உக்காந்தா பஸ்ஸுல போறவன் டாட்டா காட்டுவான்."

மேகலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அம்சத்துக்கும் சிரிப்பு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அடியே, சிரிக்க வைக்காத. தையலு பிஞ்சிரும்."

"நாலு கம்பும் ரெண்டு பழைய பொடவையும் வண்டில போட்டு எடுத்துட்டுப் போவோம் அண்ணி" என்றார் மேகலா. "வரப்பு மூலையில கட்டிட்டாப் போச்சு. மேஸ்திரி கேட்டா டாக்டரம்மா உத்தரவுன்னு சொல்லுவோம்."

"வாயால சொன்னா நம்ப மாட்டாரு. எழுதியே தர்றேன்" என்று மேடம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

அறுவை முடிந்து ஒன்பது நாள். இன்று வார்டில் எட்டிப் பார்த்தேன். குழாய் வழியாக வெளியே தொங்கும் பிளாஸ்டிக் பையில் இறங்கும் சிறுநீர் தெளிவாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. அம்சம் வராண்டாவில் குழாயையும் பையையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மேகலா மூன்று நாளாக வேலைக்குப் போகிறார். புடவை மறைப்புக்கு முதல் நாள் மேஸ்திரி முணுமுணுத்தாராம், இரண்டாம் நாள் அவரே கம்பு நட்டுக் கொடுத்தாராம்.

"நாளைக்கு நீதான் படம் எடுக்குறியாமே?" என்றார் அம்சம்.

"ஆமாக்கா."

"நல்ல சேதியா எடு."

படத்தில் இருப்பதைத்தான் எடுக்க முடியும். கசிந்தால் இன்னும் ஒரு வாரம் குழாய், பிறகு மறுபடி ஒரு படம். மேடத்தின் தையல் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கை மேல்தான் எப்போதும் போல ஒரு சந்தேகம். ஆனாலும் இந்த ஒன்பது நாளில் நோட்டைப் பார்க்காமலே முறையைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

நாளை காலை எட்டரைக்கு அம்சம், சிறுநீர்ப்பைப் படம். மருந்து கலந்த சலைன் முந்நூறு மில்லி, பாட்டிலைத் தொங்கவிட்டு மெதுவாக. நிரம்பியதும் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முழுக்க வடித்த பிறகு இன்னொன்று. கசிவு இல்லையென்றால் மேடத்துக்குப் போன் செய்து, குழாயை எடுக்கச் சொல்ல வேண்டும்.