இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்

அன்று காலை முன்னறையில் நின்றவர்கள்: நகராட்சிப் பொறியாளர், வீட்டுக்காரர், பதினொரு வருடமாகக் குடியிருக்கும் கொத்தனார், அவர் மனைவி. நாற்காலிகள் இருந்தும் யாரும் உட்காரவில்லை.

ஒட்டி ஒட்டிக் கட்டிய ஏழு வீடுகளில் அது மூன்றாவது. அகலம் பன்னிரண்டு அடி, நீளம் அறுபது. நடு அறையில் பகலிலும் விளக்கு வேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இந்த வீட்டு உத்திரங்களும் பக்கத்து வீட்டு உத்திரங்களும் அதில்தான் எதிரெதிராகத் தலை வைத்திருந்தன. கீழே சின்னச் செங்கல், சுண்ணாம்புக் காரை. மாடி பின்னால் ஏற்றியது. பெரிய செங்கல், சிமெண்டு. ஒரு காலத்தில் இரண்டு வீடும் ஒரே குடும்பத்தில் இருந்தபோது சுவரின் நடுவில் ஒரு வாசல் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றதும் அதை அரைச் செங்கல் கனத்தில் அடைத்துவிட்டார்கள். இப்போது சுவரில் விழுந்திருந்த விரிசல் அந்த அடைத்த வாசலின் மேல்வளைவிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

பக்கத்து வீடும் இப்போது வீட்டுக்காரருடையது. கடை போட அங்கே உள்சுவர்களை இடித்துக்கொண்டிருந்தார். விரிசலைப் பற்றிக் கொத்தனார் மனு கொடுத்த பிறகு பொறியாளர் போன மாதம் வந்து, விரிசலின் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதிவிட்டுப் போனார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

இன்று டார்ச்சை அடித்துத் தேடினார். சுவர் வழவழவென்று இருந்தது. வெள்ளை முழுதாகக் காயவில்லை.

"கண்ணாடி எங்க, கொத்தனாரே?"

கொத்தனார் பூசிய இடத்தைக் காட்டினார். "மூணும் உடைஞ்சிருச்சு சார். முந்தாநாள்தான் பூசினேன்."

"நான்தான் சார் பூசச் சொன்னேன்," என்றாள் மனைவி. "உடைஞ்சதைப் பாத்தா காலி பண்ணச் சொல்லிருவீங்கன்னு பயந்துட்டோம்."

"வேலை சுத்தம்," என்றார் வீட்டுக்காரர். "என் கடைக்கும் இவரையே கூப்பிடலாம் போல."

பொறியாளர் சிரிக்கவில்லை. "உடைஞ்ச கண்ணாடி சுவத்துலயே இருந்திருந்தா அந்தப் பக்க வேலையை நிறுத்தியிருப்பேம்மா. அங்க இடிக்கிறதாலதான் சுவர் நகருதுன்னு தெரிஞ்சிருக்கும்."

அவள் பின்கட்டுக்கு ஓடி, குப்பைக்கூடையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தாள். ஒரு சில்லில் தேதியின் பாதி இருந்தது.

"இது எந்தச் சுவத்துல இருந்துச்சுன்னு யார் சார் சொல்றது?" என்றார் வீட்டுக்காரர். "குடியிருக்கிறவங்க சுவத்துல கை வச்சிருக்காங்க. அதை எழுதுங்க."

பொறியாளர் சில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொட்டலத்திலேயே வைத்தார். சுவரைத் தட்டினார். பொத்தென்று கேட்டது. "ரெண்டு உத்திரம் இறங்கியிருக்கு. சாயங்காலத்துக்குள்ள வெளியே வந்துருங்க."

"அந்தப் பக்க வேலை?" என்று கேட்டார் கொத்தனார்.

"ஆதாரம் இல்லாம எப்படி நிறுத்தறது?"

"நாங்க எங்க சார் போறது?" என்றாள் அவள்.

"அதுக்கு எங்கிட்ட படிவம் இல்லம்மா." வெளியேற்ற உத்தரவில் காரணம் என்ற இடத்தில், 'குடியிருப்பவர் அனுமதியின்றிச் செய்த பூச்சு வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்குச் சாமான்கள் நடைபாதைக்கு வந்துவிட்டன. பக்கத்து வீட்டில் ஆட்கள் டீ குடித்துவிட்டு மறுபடி சம்மட்டியை எடுத்திருந்தார்கள். கடைசியாகப் படுக்கைச் சுருட்டோடு அவள் வெளியே வந்தாள். வீட்டுக்காரர் கதவை இழுத்தார். நிலை சாய்ந்திருந்தது, கதவு தரையில் தட்டி நின்றது. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"ஒரு கை குடுங்க, கொத்தனாரே."

கொத்தனார் குனிந்து கதவின் அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். கதவு உட்கார்ந்தது. வீட்டுக்காரர் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.