ருசி பார்க்கும் வேலைக்கு நோன்போடு போனவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல. முதல் பாதி என் மனைவியின் தங்கை நேற்று மூச்சுவிடாமல் சொன்னது. மறுபாதி என் கண்ணெதிரே நடந்தது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“எழுதுறதுன்னா எழுதுங்க மச்சான். ஆனா என்னைப் பாவமா மட்டும் காட்டிடாதீங்க.”

நான் வைத்திருந்த தொடக்கங்கள் எல்லாம் அதோடு காலி.

2

‘முக்காட்டைச் சரிசெய்தபடி, கலங்கிய கண்களோடு அவள் அந்தப் பிரம்மாண்டமான கட்டடத்தை அண்ணாந்து—’

வேண்டாம். கண் கலங்கவில்லை. கட்டடமும் அப்படியொன்றும் பெரிதில்லையாம்.

‘இதற்கு முன் போன இடங்களில் முக்காட்டைப் பார்த்தார்கள், மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை—’

இது நிஜம்தான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் இப்போதே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சின்னவள் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் “கூப்பிடுறோம்” என்றார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை. ஓர் இடத்தில், மதியத் தொழுகைக்கு ஓர் ஓரம் கிடைக்குமா என்று கேட்டதுமே எதிரே இருந்தவர்களின் முகம் மாறிப்போனதாம். அதனால் நேற்று நேர்காணலுக்குப் போன பால்பொருள் தொழிற்சாலையில் மார்க்க விஷயமாக வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வேலை கிடைத்தே ஆகவேண்டும் என்று, உம்மாவோடு கலந்து பேசி ஒரு நஃபில் நோன்பும் வைத்தாள். (கடமையான நோன்பு அல்ல, நாமாக விரும்பி வைப்பது. நோன்பாளியின் துஆ, அதாவது வேண்டுதல், வீண்போகாது என்பது உம்மாவின் நம்பிக்கை. என்னுடையதும்தான்.)

எல்லாம் சரி. போகிற வேலை என்னவென்று மட்டும் தாயும் மகளும் யோசிக்கவில்லை.

ருசி பார்க்கும் வேலை!

3

இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குக் கை பரபரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அம்மாவும் மனிதவள அதிகாரியும். இந்தப் பக்கம் சின்னவள். நடுவில் காகிதக் கோப்பைகளில் சாக்லேட் பால்.

“ஒவ்வொண்ணா குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க” என்றார் மேலாளர்.

நஃபில் நோன்பை விட்டால் குற்றமில்லை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கும் அது தெரியும். “ஆனா மச்சான், வேலை கிடைக்கணும்னு நோன்பு வச்சிட்டு, வேலைக்காக அதையே விடுறதா? எனக்கே சிரிப்பு வந்துருச்சு.”

காலிக் கோப்பை ஒன்று கேட்டு வாங்கினாள். நாக்கில் பட்டால் நோன்பு முறியாது, தொண்டைக்குள் போகக்கூடாது, அவ்வளவுதான். வாயில் வைத்து, சுழற்றி, துப்பினாள். முதலாவதில் இனிப்பு கூடுதல் என்றாள். அடுத்ததில் பால் லேசாக அடிபிடித்திருக்கிறது என்றாள். மேலாளர் தலையாட்டினார். தொழில் தெரிந்தவர்களும் துப்பித்தானே பார்ப்பார்கள்.

[இங்கேயே முடித்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! மார்க்கமும் தொழிலும் கைகோத்து நடந்தன என்று எழுதிவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன். சின்னவள் விடவில்லை. “அதுக்கப்புறம்தானே விஷயமே இருக்கு!”]

4

“இந்தக் கடைசியை மட்டும் முழுங்கணும்மா. முழுங்கினப்புறம் தொண்டையில என்ன நிக்குது, அதான் கேள்வி” என்றார் மேலாளர்.

பேசவே கூடாது என்றிருந்தவள் பேசினாள்.

“மேடம், நான் நோன்பு. பொழுது சாஞ்சதும் முழுங்கிட்டுச் சொல்லட்டுமா?”

“இன்டர்வியூ அன்னிக்கா நோன்பு வைப்பாங்க?” என்றார் அதிகாரி. “அதுவும் இந்த வேலைக்கு?”

“இந்த வேலை கிடைக்கணும்னுதான் சார் வச்சேன்.”

மேலாளர் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்து முடித்த மேலாளர் அந்தப் பாலை ஒரு குட்டிப் பாட்டிலில் ஊற்றி, மூடி, அவள் கையில் கொடுத்தார்.

“ஃபிரிட்ஜில வைங்க. முழுங்குறப்ப எனக்குப் போன் பண்ணுங்க. சலுகைன்னு நினைச்சுக்காதீங்க, இன்னைக்கு ராத்திரியே ஆள் முடிவாகணும்.”

5

வேண்டுமானால் இரண்டு முடிவுகள் தருகிறேன். ஒன்றில், ஒரே மடக்கில் குறையைக் கண்டுபிடித்துச் சொல்லி எல்லோரையும் அசத்துகிறாள். இன்னொன்றில், மேலாளர் போனையே எடுக்கவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் சுத்தப் பொய்.

நடந்தது இது. நோன்பு திறக்கும் நேரம், பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. மேசையைச் சுற்றி வீடே நிற்கிறது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பது நான். மறுமுனையில் மேலாளர் காத்திருக்கிறார். சின்னவள் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

“சொல்லுடி!” என்றார் உம்மா.

“மேடம், உலகத்துலயே நல்ல சாக்லேட் பால் இதுதான்னு தோணுது” என்றாள் சின்னவள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். “ஆனா நான் சொல்றத நம்பாதீங்க. நாள் பூரா காஞ்சு கிடந்த நாக்கு. இப்ப பச்சைத் தண்ணி குடுத்தாலும் இதையேதான் சொல்வேன். தொழுதுட்டு, கொஞ்சம் சாப்பிட்டுட்டு, மறுபடி ஒரு வாய் முழுங்கிட்டுச் சொல்றேன். அதுக்குள்ள வேற ஆளை எடுத்துட்டீங்கன்னா பரவாயில்ல.”

பரவாயில்லை என்று வாய்தான் சொன்னது. கை என் மனைவியின் கையை நொறுங்கப் பிடித்திருந்தது.

உம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, சந்தோஷத்திலா பதற்றத்திலா என்று கேட்காதீர்கள். போனில் சத்தமே இல்லை.

6

அந்த அம்மா என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

ஏனென்றால் இப்போது மறுமுனையில் இருப்பது நீங்கள். பக்கத்தில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேட்டதற்கு டக்கென்று பதில் சொல்லிவிட்ட மற்றவர்கள் வரிசையில் இருக்கிறார்கள். தன் நாக்கை நம்பவேண்டாம் என்று தானே சொன்ன ஒருத்தி, பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

“ஹலோ… மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

சொல்லுங்கள்.