முதல் பக்கத்தில் குளவிகள்

மேனுகாவிடம் இருந்த சுயவிபரக்கோவை பத்து வருடத்துக்கு முந்தியது. மாங்குளம் சந்தியில் ஒரு கொமினிகேசன் கடையில் அடித்தது. அந்தக் கடைக்காரர் யார் போனாலும் ஒரே அச்சில்தான் அடித்துக் கொடுப்பார்: முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், தகப்பன் பெயர் ஆண்டியப்பன், சமயம் இந்து, சாதாரண தரப் பெறுபேறுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, பிறகு விளையாட்டு, கடைசியில் உறவினரல்லாத இருவரின் விலாசம். மிதிவெடி அகற்றும் நிறுவனத்தில் சேரும்போது அதைத்தான் கொடுத்தாள். சேர்ந்தபின் அதை எடுத்துப் பார்க்க ஒரு தேவையும் வரவில்லை.

இப்போது வந்துவிட்டது. தாளின் அடியில் 'ஏனைய தகைமைகள்' என்று எழுதி, ஒன்பது வருட மிதிவெடி வேலையையும் முதலுதவியையும் பேனையால் சேர்த்தாள். நிறுவனத்துக்கு ஒதுக்கிய நிலம் முழுவதும் துப்புரவாகிவிட்டது. மாத முடிவோடு அணி கலைகிறது. கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு முதலுதவி உத்தியோகத்தர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. அணியின் மெடிக் மேனுகாதான். யாராவது வெடியில் அகப்பட்டால் இரத்தத்தைக் கட்டி, உயிரோடு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. ஒன்பது வருடமாக மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதும், ஸ்ட்ரெச்சரை விரிப்பதும் மடிப்பதுமாகக் காத்திருந்தாள். ஒருவரும் அகப்படவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யதுர்ஷிகா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். யதுர்ஷிகா வெடி எடுப்பவள், வாய்க்காரி.

"உதை இப்பிடியே அனுப்பினியெண்டால் குப்பைக்கூடைக்குத்தான் போகும். தா இங்கை, ஏஐயிட்டைக் கேப்பம்."

தாளையும் விளம்பரத்தையும் போனில் படம் பிடித்து, 'இந்த வேலைக்கு எந்தப் பகுதியை முன்னுக்கு வைக்க வேணும்?' என்று தட்டினாள். பதில் வரத் தொடங்கியது. யதுர்ஷிகா செய்தி வாசிப்பவள் மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு உரக்கப் படித்தாள். தகப்பன் பெயரும் சமயமும் தேவையில்லை. பரீட்சைப் பெறுபேறுகளை ஒரு வரியாகச் சுருக்கி இறுதியில் வைக்கலாம். மிதிவெடி அகற்றும் பணியை இரண்டாம் பக்கத்துக்கு மாற்றலாம். இப்போது கடைசியில் 'ஏனைய தகைமைகள்' என்பதன் கீழ் ஒற்றை வரியாகக் கிடக்கும் முதலுதவிதான் முதல் பக்கத்தில் வரவேண்டும். எண்கள் இருந்தால் நல்லது. இதுவரை எத்தனை வெடிக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறீர்கள்?

"ஒண்டும் இல்லை" என்றாள் மேனுகா.

யதுர்ஷிகா சோற்றுப் பார்சலை மடித்தாள். "ஒரு நாலு எண்டு போடன். ஆர் வந்து எண்ணப்போகினம்?"

"நாலு எண்டால் ஆரடி அந்த நாலு பேர்? நீயோ? ஜனகன் அண்ணையோ? விசர்க் கதை கதையாதை."

போனை வாங்கி அவளே 'பூச்சியம்' என்று எழுதினாள். கருவி சங்கடப்படவில்லை. அப்படியானால் வேறு அவசர நிலைமைகள் ஏதும் இருந்தனவா என்று கேட்டது. வெயிலில் மயக்கம், கத்தி வெட்டு, ஒரு பாம்புக்கடி, குளவி என்று எழுதினாள். குளவிச் சம்பவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா என்றது.

அதை மேனுகாவிடம் யாரும் கேட்டதில்லை. அறிக்கையில் மூன்று வரி எழுதியதோடு சரி. எழுத ஆரம்பித்தபோது விரல் நிற்கவில்லை.

நடந்தது மூன்று வருடத்துக்கு முன், ஒட்டுசுட்டான் பக்கக் காட்டில். பற்றை வெட்டிக்கொண்டிருந்த அணியாள் ஜனகனின் கத்தி பட்டு, பாலைமரப் பொந்திலிருந்த கருங்குளவிக் கூடு கலைந்தது. குளவி கலைந்தால் மனிதர் ஓடுவார்கள். அங்கே ஓட முடியாது. வெடி எடுத்து முடித்த பாதை ஒரு மீற்றர்தான் அகலம். இரண்டு பக்கமும் சிவப்புத் தலைக் கட்டைகள். கட்டைக்கு அப்பால் இன்னும் கை வைக்காத நிலம். ஏழு பேர் அந்தப் பாதைக்குள் நின்றார்கள். ஒருவன் அப்போதே ஒரு காலைத் தூக்கிவிட்டான்.

மேனுகா பாதையின் வாயில் நின்று கத்தினாள். "ஓடாதேங்கோ! கட்டைக்கு உள்ளை நில்லுங்கோ! ஒராளுக்குப் பின்னாலை ஒராள்!" பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தன் பெயர் காதில் விழுந்தவர் மட்டும் நடந்து வந்தார். கழுத்திலும் கையிலும் கொட்டக் கொட்ட, கோயில் வரிசையில் வருவதுபோல வந்தார்கள். கடைசியாக வந்த ஜனகனுக்கு உதடு தடித்துவிட்டது, மூச்சு இழுத்தது. அட்ரினலின் ஊசியைப் போட்டு, அவனை வாகனத்தில் ஏற்றி, நாற்பது நிமிடத்தில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

எழுதி முடித்து அனுப்பினாள். கருவி அதை ஐந்து வரியாக்கித் திருப்பிக் கொடுத்தது. 'கண்ணிவெடி அபாயமுள்ள நிலத்தில், பலர் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்ட அவசர நிலைமையை வழிநடத்தி, ஏழு உயிர்களைக் காப்பாற்றினார்.'

மேனுகா இரண்டு முறை வாசித்தாள். யாரோ பெரிய ஆளைப் பற்றி எழுதியது போலிருந்தது. ஆனால் பொய் என்று எதைக் காட்டுவது? ஓர் இடம் மட்டும் உறுத்தியது.

"ஏழு உயிர் இல்லையடி. ஆறு பேர் தங்கடை காலாலை நடந்து வந்தவை."

"அவை ஓடியிருந்தால்?"

மேனுகா 'ஏழு பேரைப் பாதுகாப்பாக வெளியே கொண்டுவந்தார். ஆபத்தான நிலையிலிருந்த ஒருவருக்கு உடனடிச் சிகிச்சை அளித்தார்' என்று மாற்றினாள். சாதாரண தரத்தை ஒரு வரியாகச் சுருக்கச் சம்மதித்தாள். கணிதத்தை இரண்டாம் முறை எழுதித்தான் பாஸ் என்பது மறைந்ததில் அவளுக்கு நிம்மதிதான். ஆனால் பரீட்சை எழுதிய இடம், யுத்தம் முடிந்த கையோடு இருந்த செட்டிக்குளம் அகதி முகாம் என்பதை எடுக்க விடவில்லை. தேவையில்லை என்று கருவி இரண்டு முறை சொன்னது. அவள் இரண்டு முறையும் திரும்பப் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, 'நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர்' என்று அது ஒரு வரி வைத்திருந்தது. மேனுகாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"அதிலை கை வைச்சியெண்டால் கொல்லுவன்" என்றாள் யதுர்ஷிகா.

இரண்டு கிழமையில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கணவன் சுமன் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டான். தொழிற்சாலையின் குளிரூட்டிய அறையில் மேசைக்கு அப்பால் இரண்டு பெண்கள். ஒருவர் இளம் முகாமையாளர். மற்றவர் தொழிற்சாலையின் தாதி கமலாட்சி, ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"காலமையிலிருந்து எட்டுப் பேரைப் பாத்திட்டம்" என்றார் கமலாட்சி. "எட்டுப் பேரும் நெருக்கடியிலும் நிதானம் இழக்காத ஆக்கள். நீர் ஒன்பதாவது."

முகாமையாளர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மேனுகாவுக்குக் காது சுட்டது.

"அந்த வரி ஏஐ போட்டது மிஸ். நான் எடுக்கப் பாத்தனான்."

"அப்ப நீர் போட்டது எது?"

"குளவி."

கமலாட்சி தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஊசியை எங்கே போட்டீர்? தொடையில், வெளிப்பக்கம். உடுப்பை விலக்கிவிட்டா? இல்லை, காற்சட்டைக்கு மேலாலையே, விலக்க நேரமில்லை. வாகனத்தில் எப்படிக் கிடத்தினீர்? மூச்சு இழுத்தபடியால் கிடத்தவில்லை. சாய்த்து இருத்திக்கொண்டு போனேன். ஒவ்வொரு பதிலுக்கும் கமலாட்சி தலையாட்டினார். பிறகு பேனையை வைத்தார்.

"சரி. நீர் அந்தாளோடை ஆசுபத்திரிக்குப் போயிட்டீர். மிச்சம் ஆறு பேரையும் ஆர் பாத்தது?"

இந்தக் கேள்வியைக் கருவி கேட்கவில்லை. யதுர்ஷிகாவும் கேட்டதில்லை. மேனுகா மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் பாக்கேல்லை மிஸ். நடந்து வந்தவை தானே எண்டு விட்டிட்டுப் போனனான். சுகந்தினி எண்டு ஒரு பிள்ளை, பதினாறு கொட்டு. பின்னேரம் வீட்டை போய் மயங்கி விழுந்திட்டுது. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவிலை கொண்டுபோய்க் காப்பாத்தினவை. அது என்ரை பிழை."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு அணியிலை இன்னொராளையும் பழக்கினனான். நான் ஒராளோடை போனால் மிச்சப் பேரை அவ பாப்பா. கொட்டு வாங்கின ஆள் ஆராயிருந்தாலும் நாலு மணித்தியாலத்துக்கு வீட்டை விடுறேல்லை."

"உது ஏன் இந்தத் தாளிலை இல்லை?"

"பிழையை எந்தப் பகுதியிலை போடுறது மிஸ்?"

முகாமையாளர் இந்த முறை சிரிக்கவில்லை. கமலாட்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். என்னவென்று மேனுகாவால் வாசிக்க முடியவில்லை. போகலாம் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் யதுர்ஷிகா போன் எடுத்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது. "கேக்காததையெல்லாம் ஏன் சொன்னனீ?"

"அவா கேட்டவா."

"கேட்டால்? வாயை வைச்சுக்கொண்டு இருக்கத் தெரியாதே?"

மேனுகா யன்னல் பக்கம் திரும்பினாள். வேலை கிடைக்காது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் நெஞ்சு பாரமாக இல்லை. தன் பிழை என்று மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை, அதைக் கேட்க வேண்டிய ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது. கிளிநொச்சி தாண்டியதும் நித்திரையாகிவிட்டாள். மாங்குளத்துக்கு என்று ஏறியவள் இறங்க மறந்து வவுனியா வரை போன கதையைச் சுமன் பிறகு பல நாள் சொல்லிச் சிரித்தான்.

பத்து நாள் கழித்துக் கமலாட்சியே தொலைபேசியில் பேசினார். விளம்பரப்படுத்திய பதவி தாதியர் டிப்ளோமா முடித்த ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது. ஆனால் பின்கட்டடத்தில் முந்நூறு பேர் தைக்கிறார்கள், அங்கே ஒருவரும் இல்லை. அங்கே உதவியாளராக வர விருப்பமா? மூன்று மாதம் பார்ப்போம், இடையில் ஒரு பயிற்சி நெறியையும் முடிக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிடச் சின்னப் பதவிதான். மேனுகா சுமனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்ல வாயெடுத்துவிட்டு, "வாறன் மிஸ்" என்றாள்.

வேலைக்குப் போன மூன்றாம் நாள், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தையல் மெசின் ஊசி சுட்டுவிரல் நகத்தோடு இறங்கி முறிந்திருந்தது. பெண்ணின் முகம் வெளிறி, உடம்பு நடுங்கியது. மேனுகா அவளைக் கட்டிலில் கிடத்தி, கையை உயர்த்திப் பிடித்தாள்.

"பேர் என்ன?"

"சுதாஜினி." அவள் விரலைப் பார்க்கப் போனாள்.

"அங்கை பாக்காதையும். என்னைப் பாரும்."

பார்வையை மாற்றிக்கொண்ட பெண், பேச்சுக்கு எதையோ தேடி, "அக்கா, முந்தி எங்கை வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"மிதிவெடி எடுக்கிற இடத்திலை."

சுதாஜினியின் கண் விரிந்தது. "பயமில்லையே?"

"குளவிக்குத்தான் பயம்" என்றாள் மேனுகா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையிலிருந்த இடுக்கியோடு ஊசித் துண்டு வெளியே வந்துவிட்டது.