சாய்ஸில் விட்ட பாடம்

அந்த வருடம் பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் படித்தவர்கள் யாருடைய முகமும் கண்ணாடியில் விழாது. சட்டை விழும், பின்னால் இருக்கும் சுவர் விழும், கழுத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அறிவியல் டீச்சர் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தபோது பரீட்சை தலைக்கு மேல் நின்றது. வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம் "போர்ஷன் முடிஞ்சுதா?" என்று கேட்டார் தலைமையாசிரியர். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. டீச்சர் பழைய வினாத்தாள்களைப் புரட்டினார். கண்ணாடியில் பட்ட ஒளி எப்படித் திரும்புகிறது என்ற பாடத்திலிருந்து முந்தைய வருடம்தான் பெரிய கேள்வி வந்திருந்தது. "போன தடவை கேட்டுட்டான், இந்தத் தடவை கேட்க மாட்டான். சாய்ஸ்ல விட்டுருங்க" என்றார். பிள்ளைகள் சந்தோஷமாக அந்தப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடினார்கள். டீச்சர் கணக்கு தப்பவில்லை. கேள்வி வரவில்லை, எல்லோரும் தேறினார்கள், தலைமையாசிரியர் கைகுலுக்கினார். ரிசல்ட் பார்க்கக் கிளம்பிய காலையில்தான், தலைசீவக் கண்ணாடி முன் போய் நின்ற பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்தது.

கொஞ்ச நாள் அழுகையும் சத்தமுமாக இருந்தது. அப்புறம் ஊருக்குப் பழகிவிட்டது. 'விழாத செட்டு' என்று பெயர் வைத்தார்கள். புகைப்படத்தில் ஒரு சிக்கலும் இல்லை, லென்ஸ் பாடத்தை டீச்சர் முன்பே நடத்தி முடித்திருந்தார். ஆனால் புகைப்படத்தைப் பார்த்துச் சவரம் செய்ய முடியாது. ஒருவன் லாரி டிரைவரானான். பின்னால் வரும் வண்டிகள் கண்ணாடியில் ஒழுங்காகத் தெரிந்ததால் அவனுக்கு வேலையில் குறையில்லை, மோவாயில்தான் எப்போதும் பிளாஸ்திரி. ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவள் புருஷன், கண்ணாடியை மறைத்துக்கொண்டு நிற்காத பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று பெருமை பேசினான்.

டீச்சருடைய மகளும் அதே வகுப்புதான். பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தாள். தினமும் காலையில் அம்மா முன்னால் முக்காலி போட்டு உட்கார்வாள், அம்மா வகிடெடுத்துச் சீவிவிடுவார். "நேரா இருக்கா?" என்பாள். "நேரா இருக்குடி" என்பார். வேறு பேச்சு அதிகம் கிடையாது. மன்னிப்பு கேட்க டீச்சருக்கும் வரவில்லை, கொடுக்க மகளுக்கும் தோன்றவில்லை. இப்படியே வருடங்கள் போயின. டீச்சர் ஓய்வு பெற்றார். மகள் தலையில் வெள்ளை ஏறியது. அதை டீச்சர் சொல்லவில்லை. கவுண்டர் கம்பிக்கு வெளியே இருந்து யாரோ "அம்மா, சில்லறை" என்று கூப்பிட்டபோதுதான் தனக்கு வயதாகிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

ஒருநாள் பக்கத்துக் கவுண்டர்காரி சிரித்தாள். "என்னக்கா, வகிடு ஊரைச் சுத்திட்டுப் போகுது?" ஒரு மாதமாகவே அப்படித்தான் என்றும் சொன்னாள். மகள் தொட்டுப் பார்த்தாள். நெற்றியில் கிளம்பிய கோடு காதுப் பக்கம் போய் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அம்மா முகத்துக்கு எதிரே கையை ஆட்டினாள். டீச்சர் இமைக்கவில்லை.

"கண்ணு தெரியலன்னு ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ யாருகிட்ட போய் உட்காருவ?"

டாக்டர் பார்த்துவிட்டு, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதும் நிற்காது என்றார். அந்த வாரமே டீச்சர் விழாத செட்டுக்குச் சொல்லியனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை, அதே வகுப்பறை, விட்ட பாடம். வந்தார்கள். தொப்பையை மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் வேலை முடித்து அப்படியே வந்தவர்கள், கொட்டாவியை அடக்கவில்லை. டீச்சர் கரும்பலகையைத் தடவிப் பார்த்து, நினைவிலிருந்தே படம் போட்டார். படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்றார். வலது இடதாகத் தெரியும் என்றார்.

"இது முக்கியமான கேள்வியா டீச்சர்?" என்றான் லாரி டிரைவர்.

"இல்ல. ஆனா படி."

வகுப்பு சிரித்தது. பாடம் முடிந்ததும் மகள் வீட்டுக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். முகம் விழுந்தது. ஆனால் பாடம் எங்கே நின்றதோ அங்கிருந்துதான் முகமும் தொடங்கியது. லாரி டிரைவருக்கு எதிரே அரும்பு மீசையும் பருவுமாக ஒரு ஒல்லிப்பயல் நின்றான். "இவனை வச்சுக்கிட்டு எப்படி டீச்சர் ஷேவ் பண்றது? இவனுக்கு வளரவே இல்லையே" என்றான். நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அவர்களில் யாரும் அதைப் பற்றி அப்புறம் புகார் சொன்னதில்லை. கண்ணாடி முகம் வருடத்துக்கு ஒரு வயதுதான் கூடும், ஆளை எட்டிப்பிடிக்காது என்று கணக்கு வாத்தியார் சொன்னார். சரி என்று விட்டுவிட்டார்கள்.

டீச்சருக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. காலையில் மகள் இப்போது கண்ணாடி முன்னால் முக்காலி போடுகிறாள். டீச்சர் பின்னால் நின்று, மகளின் மூக்கு நுனியில் விரலை வைத்து, நெற்றி வழியாக மேலே இழுத்துக்கொண்டே போக, சீப்பு அந்த விரலின் பின்னாலேயே போகிறது. மூக்குக்கு நேராகப் போனால் வகிடு தப்பாது. டிப்போவில் யாரும் சிரிப்பதில்லை. கண்ணாடியில் கண் தெரியாத ஒரு கிழவி, பள்ளிக்கூடப் பெண் ஒருத்திக்குத் தலைசீவிக்கொண்டிருக்கிறாள்.

"யாரு தெரியுறா?" என்று கேட்டார் டீச்சர்.

"பத்தாவது படிக்கிறவ. மூஞ்சில தூக்கம் வழியுது."

"பரீட்சை நேரம்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, டீச்சர் பின்னலை முடித்துக் கட்டினார்.