பெருமாளின் நம்பர்

“கார்டுல பெருமாள்னு கீது. அதானேம்மா?” என்று கேட்டபடி சுரங்க ஆஸ்பத்திரி குமாஸ்தா எட்மண்ட் இறப்புச் சான்று எழுதப் பேனா மூடியைத் திறந்தார்.

கண்மணி வார்டுப் பக்கம் திரும்பினாள். உள்ளே அவளைப் பெற்ற நைனாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தோரு வருஷம் பாலகாட் தங்கச் சுரங்கத்தில் கல்தூசியைத் தின்ற நெஞ்சு, காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்பே ஓய்ந்துவிட்டது.

அவர் பெருமாள் இல்லை, ஆறுமுகம். பெருமாள் அவருடைய அண்ணன். குடியாத்தத்திலிருந்து வந்து, சுரங்கத்தில் நம்பர் வாங்கிய பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டவர். நம்பர் வீணாவானேன் என்று தம்பி அதை வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். அந்தக் காலத்தில் இப்படி இன்னும் சிலபேர் உண்டு. நம்பர் சரியாக இருந்தால் போதும், முகத்தை யார் பார்த்தார்கள்?

கண்மணியின் அண்ணன் தாமோதரன் பினாங்குக்குக் கப்பலேறியபோதுதான் வினை வந்தது. பாஸ்போர்ட்டுக்காக ஊர் மணியக்காரர் எழுதித் தந்ததில் தகப்பன் பெயர் ஆறுமுகம் என்று இருந்தது. மாற்றிவிடலாம் என்றான் அண்ணன். நைனா கேட்கவில்லை.

“ஒரு காயிதத்துலயாவது எம்பேரு இருக்கட்டும்டா” என்று சிரித்தார்.

பன்னிரண்டு வருஷம் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. இந்த வருஷம் அங்கே சட்டம் மாறியது. மளிகைக் கடையில் மூட்டை தூக்கவும் பர்மிட் வேண்டுமாம். போன மாதம் அண்ணன் எழுதியிருந்தான்: ‘ஊருக்கு வந்தால் பர்மிட் போய்விடும். பெற்றவர்கள் இறந்துபோனதாகச் சான்று காட்டினால் மட்டும் போய்த் திரும்ப விடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே அதிலும் இருக்க வேண்டும். பெரியப்பன் சித்தப்பனுக்கெல்லாம் கிடையாது.’

பதினாறாம் நாளுக்காவது பிள்ளை வந்துவிடுவான் என்று அம்மா பழனியம்மா விடிந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பல் எட்டு நாளில் வந்துவிடும். கடல் ஒன்றும் தடுக்கவில்லை.

“சார், பெருமாள்னு கூப்புடற ஆறுமுகம்னு போட்டுக் குடுக்க முடியுமா?”

எட்மண்ட் பேனாவைக் கீழே வைத்தார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“எழுதலாம். ஆறுமுகம் யாருன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. இத்தினி வருஷம் கீழ எறங்கினது யாருன்னு கேப்பாங்க. அப்பறம் உங்கம்மா கம்பெனி குடுத்த அந்த லைன் வூட்டுல இருக்க முடியாது. நீ சொல்லும்மா, எழுதறேன்.”

நல்ல மனிதர்தான். வெட்டுகிற வேலையை மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டார்.

“பெருமாள்னே எழுதுங்க சார்.”

எழுதித் தந்ததை மடித்து வாங்கிக்கொண்டு கிளம்பினாள். தபாலாபீஸில் தந்தியும் அந்தப் பெயரிலேயே கொடுத்தாள். சான்று ஒன்று, தந்தி வேறொன்று என்றால் அண்ணன் அங்கே மாட்டிக்கொள்வான். ‘பெருமாள் இறந்தார்.’ படித்ததும் அவனுக்கு விளங்கிவிடும். அதிகாரிக்கு மட்டும் அது பெரியப்பன் சாவு.

வீட்டு வாசலில் நைனாவைக் கிடத்தியிருந்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“தந்தி குத்துட்டியா?”

“குத்துட்டேம்மா.”

“இன்னா பேரு போட்ட?”

கண்மணி கீழே பார்த்தாள். “பெரியப்பா பேருதான்.”

அம்மா தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணைத் திருப்பி, பிணத்தின் முகத்தில் வைத்தாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரையும் சொன்னதில்லை, இந்தப் பெயரையும் சொன்னதில்லை. சட்டென்று அவர் மார்பில் கவிழ்ந்தாள்.

“ஆறுமுகம்... ஏ ஆறுமுகம்...”

லைனே கேட்டது. ஆபீஸ் சார்பில் மாலையோடு வந்திருந்த ராஜப்பா அப்படியே நின்றார்.

“ஆறுமுகம் யாரும்மா?”

கண்மணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கண்ணன், சார். பினாங்குல கீறாரு. வர முடியல. அதான் அம்மா கூப்புடுது.”

ராஜப்பா பாவம் என்று தலையாட்டினார். குனிந்து மாலையைப் போட்டார். அதில் நம்பரும் பெயரும் எழுதிய அட்டை குப்புறக் கிடந்தது. எல்லோருக்கும் தெரியும்படி அதைத் திருப்பி வைத்தார்.