சுத்தமா, கலப்பா?

மகாராணி காலையிலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை. கத்துகிறாள், கயிற்றை இழுக்கிறாள், தீவனத் தொட்டியை முட்டுகிறாள். நானும் அப்படித்தான், சமையலறைக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவள் பருவத்துக்கு வந்திருக்கிறாள், அதனால் அலைகிறாள். நான் ஏன் அலைகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்று அவருக்குப் பயம்.

எங்கள் மகளுக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்தது. பஸ் ஏறினால் அடுத்த ஊர்தான். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், இரண்டு நாள் காய்ச்சலிலும் கிடந்திருக்கிறாள். எல்லாம் போனில் கேட்டதுதான். "அந்த வீட்டுப் படிய இங்கருந்து யாரும் மிதிக்கக் கூடாது" என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். மருமகன் எங்களிடம் பால் எடுக்க வந்த வேன் டிரைவர். கேனைத் தூக்கினால் ஒரு சொட்டு சிந்தமாட்டான், அப்படி ஒரு பையன். ஆனால் வேறு ஆட்கள். கலப்புக் கல்யாணம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியதிலிருந்து, கலப்பு என்ற சொல்லைக் கேட்டாலே இவருக்கு ஆகாது.

மாட்டிலும் இவருக்குச் சுத்த இனம்தான் வேண்டும். மகாராணியின் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி எல்லாருடைய கதையும் மனப்பாடம். என் பாட்டி பெயரைக் கேட்டால் முழிப்பார். பால் குடம் குடமாகக் கொடுப்பாள் மகாராணி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கன்று போடும்போதும் அதற்குப் பிறகும் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கன்று பெரிசாக இருந்து, இழுத்துத்தான் எடுத்தார்கள். நஞ்சுக்கொடி விழவில்லை. கர்ப்பப்பையில் சீழ், அப்புறம் மடிவீக்கம். எல்லாம் ஆறி, இரண்டு முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. மகாராணி கன்று போட்ட அதே வாரம் எதிர்வீட்டுக் கலப்பின மாடும் கன்று போட்டது. கன்றைத் துடைத்து முடிப்பதற்குள் நஞ்சு விழுந்துவிட்டது, முதல் ஊசியிலேயே சினையும் நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரி இதை என்னிடம் சொல்லாத நாளில்லை.

மகாராணி படுத்துக் கிடந்தபோது இவர் கொட்டகையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். டாக்டர் வரும்போதெல்லாம் அதே கேள்விகள்: "தீனி எடுப்பாளா? காய்ச்சல் விட்டுருச்சா? எந்திரிச்சு நடப்பாளா?" நான் மகளைப் பெற்றுக் கிடந்தபோதும் நர்சிடம் இவர் இதையேதான் கேட்டார். நர்ஸ் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மனுஷருக்கு வேறு கேள்வி தெரியாது.

ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். இவரிடம் இரண்டும் செய்து பார்த்துவிட்டேன். இன்றைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து, துணிப்பையைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா என்பதுதான் பிடிபடவில்லை.

சினை ஊசிக்காரர் பைக்கில் வந்து, விந்து வைத்திருக்கும் குளிர் கேனை இறக்கினார். கையுறையை மாட்டிக்கொண்டு மகாராணியைச் சோதித்தார்.

"அண்ணே, கர்ப்பப்பை இப்பத்தான் சுத்தமாயிருக்கு. இந்தத் தடவையும் நிக்கலன்னா, அடிமாட்டு லாரிதான்."

இவர் முகம் சுருங்கிவிட்டது.

"எத எடுக்கட்டும்? சுத்தமா, கலப்பா? வேற இனத்து ஊசின்னா கன்னு சின்னதா வரும், சுலபமா போட்டுரும். பொறக்குற கெடேரிக் கன்னுக்கும் இவ்வளவு நோவு வராது. நான் வருஷக்கணக்கா சொல்றேன், நீங்கதான் கேக்க மாட்டேங்கறீங்க."

இவர் மகாராணியின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கலப்பே போடு. இனம் என்னய்யா பெரிய இனம், இவ நல்லா இருந்தாப் போதும்."

ஊசிக்காரருக்காகக் கொண்டு வந்த வெந்நீர் வாளியைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் வேறு எங்காவது ஊற்றியிருப்பேன்.

"என்ன சொன்னீங்க?"

"மாட்டுக்குச் சொன்னேன்."

"மாட்டுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயமா?"

"மாடும் மகளும் ஒண்ணாடி?"

"ஒண்ணு இல்லதான்! மாட்டுக்குக் காய்ச்சல்னா விடிய விடிய முழிச்சிருந்தீங்க. அவளுக்குக் காய்ச்சல்னு சொன்னப்ப டிவி சத்தத்தக் கூட்டுனீங்க."

ஊசிக்காரர் கேனுக்குள் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்துகொண்டார். பெற்ற பெண்ணை மாட்டோடு சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறதே! தவிட்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தேன்.

"தம்பி, ஊசி போட்டதும் என்னை பஸ் ஸ்டாப்புல விட்டுருங்க."

"சரிக்கா" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

ஊசி போட்டு முடித்து, ஊசிக்காரர் உறையைக் கழற்றும்போது என் போன் அடித்தது. மகள்தான்.

"கெளம்பிட்டேன்டி. உங்கப்பா முன்னாடியே சொல்லிட்டுத்தான் கெளம்புறேன்" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன்.

மகாராணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எங்கோ பார்த்துக்கொண்டு இவர் குரல் கொடுத்தார்.

"தீனி எடுக்குறாளான்னு கேளு."

போனில் மகளுக்கும் அது கேட்டுவிட்டது. பிறகு சொன்னாள்:

"நல்லா எடுக்குறேன்னு சொல்லும்மா."

"எடுக்குறாளாம்" என்றேன்.

"காய்ச்சல்?"

"விட்டுருச்சாம்."

"எந்திரிச்சு..." என்று ஆரம்பித்தவர், மகாராணியின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

போனை அவர் பக்கம் நீட்டினேன். "நடக்குறேன்ப்பா" என்றாள் மகள். அப்பா என்று அவள் கூப்பிட்டுக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

இவர் குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்து, முழங்கை வரைக்கும் நுரை பூசித் தேய்த்தார். நகக்கண்ணையெல்லாம் சுரண்டினார். ஊசிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னண்ணே, மாட்டத்தான் நான் பாத்துட்டேனே. நீங்க எதுக்கு இப்படிக் கழுவுறீங்க?"

"மாட்டத் தொட்ட கையோடவா கொழந்தயத் தூக்குறது?" என்றார் இவர்.